பி-யு-டி புட் என்றால் சி-யு-டி ஏன் கட்? ஆங்கில முடிச்சுகளை அவிழ்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"பி-யு-டி புட், அப்படியென்றால் சி-யு-டி மட்டும் ஏன் கட்?" ஆங்கிலம் படித்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ஒரு முறையாவது கேட்ட கேள்வி. பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கொள்." பல ஆண்டுகளாக மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அந்த ஒரு பதிலால் ஆங்கிலத்தையே வெறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தம், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு உண்மையான விடை ஒன்று இருக்கிறது.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கிலாந்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் ஒரே உயிரொலிதான்: புட், குட். 17-ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் அந்த உகரம் மெல்ல அகரத்தின் பக்கம் நகர்ந்தது. குட் என்பது கட் ஆனது. ஆனால் உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிகளுக்குப் பின்னால் வந்த பல சொற்களில் உகரம் அப்படியே தங்கிவிட்டது. புட், புல், புஷ், ஃபுல், புட்சர் எல்லாம் அந்த வகை. லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற வட இங்கிலாந்து ஊர்களில் இன்றும் பலர் பஸ்ஸை புஸ் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அந்த மாற்றம் வரவே இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆங்கிலச் சொல் ஒன்று குழப்பினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த எழுத்து சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் போகப்போகிறது.

படி 1: முதலில் நம் ககரத்தைப் பாருங்கள்

கடல், தங்கம், மகன். மூன்றிலும் ஒரே 'க'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்று வேறு ஒலிகள் கேட்கும். சொல்லின் தொடக்கத்தில் அழுத்தமாக வரும், மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்ந்து வரும், இரண்டு உயிர்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஹகரமாகத் தேயும். இந்த விதியை நமக்கு யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு இது பெரிய தலைவலி.

ஆங்கிலமும் இப்படித்தான், கொஞ்சம் கூடுதலாக. ஆங்கிலேயர்களே சொல்லி மகிழும் ஒரு பழைய வேடிக்கை இருக்கிறது. ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி அதை ஃபிஷ் என்று படிக்கலாமாம். இனஃப் என்ற சொல்லில் ஜி-எச் ஃப் ஆகிறது, விமென் என்ற சொல்லில் ஓ இகரமாகிறது, நேஷன் என்ற சொல்லில் டி-ஐ ஷ் ஆகிறது, எல்லாவற்றையும் சேர்த்தால் ஃபிஷ். இந்த வேடிக்கை 1855-லேயே ஒரு கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் எந்த ஆங்கிலேயரிடமும் அந்த ஐந்து எழுத்தைக் காட்டினால் அவர் ஃபிஷ் என்று படிக்கமாட்டார். ஜி-எச் சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் ஃப் ஆகாது. டி-ஐ, பின்னால் இன்னொரு உயிரெழுத்து வந்தால்தான் ஷ் ஆகும். ஆங்கிலத்துக்கு விதியே இல்லை என்று காட்டச் சொல்லப்படும் உதாரணம்தான் விதி இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

படி 2: சொல்லின் பிறந்த ஊரை விசாரியுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். இதுதான் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

சி-எச் என்ற இரட்டை எழுத்தை எடுத்துக்கொள்வோம். சேர், சைல்ட், சீஸ் ஆகியவற்றில் அது அழுத்தமான ச. மெஷின், ஷெஃப் ஆகியவற்றில் ஷ. கெமிஸ்ட்ரி, கேரக்டர், எக்கோ, ஸ்டமக், ஆங்கர் ஆகியவற்றில் க. மூன்றையும் கலந்து படித்தால் தலை சுற்றும், பிறந்த இடத்தின்படி பிரித்து வைத்தால் தெளியும். முதல் கூட்டம் பழைய ஆங்கில வீட்டுச் சொற்கள், அல்லது மிக முன்பே வந்து வீட்டோடு கலந்தவை. இரண்டாவது கூட்டம் பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவை. மூன்றாவது கிரேக்கம், அறிவியல், மருத்துவம், கலை சார்ந்த சொற்கள் இதில் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த ஜோடி சீஃப், ஷெஃப். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். ஒரு முறை இடைக்காலத்தில் வந்தது, அப்போது பிரெஞ்சிலேயே அது ச. பிரெஞ்சில் ஒலி ஷ என்று மாறிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் சமையலறை வழியாக வந்தது.

பிரெஞ்சு எப்படி உள்ளே வந்தது? 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் தொழுவத்திலும் ஆங்கிலம். மாடு கொட்டிலில் நிற்கும்போது கவ், தட்டில் வரும்போது பீஃப். ஷீப் மட்டன் ஆனது, பிக் போர்க் ஆனது. முதலாவது ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு மூன்று சொற்கள் என்று கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே விடைதான்: ஆஸ்க் ஆங்கிலம், க்வெஸ்சன் பிரெஞ்சு, இன்டராகேட் லத்தீன்.

அப்புறம் வாய்திறக்காத எழுத்துகள். நைஃப், நீ, நாட் என்று கே-என்னில் தொடங்கும் சொற்களில் கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது ஒலித்தது. க்னைஃப் என்பதுபோல இரண்டு மெய்யையும் சேர்த்தே சொன்னார்கள். நைட், லைட் ஆகியவற்றில் இருக்கும் ஜி-எச் தொண்டையில் உரசும் ஒரு ஒலி. ஜெர்மன் மொழியில் இரவைக் குறிக்கும் சொல்லில் அந்த உரசல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆக மாறியது. தோ, த்ரூ, காஃப், ரஃப் என்று ஓ-யு-ஜி-எச் ஆளுக்கொரு மாதிரி ஒலிப்பதற்கு இதுவே காரணம். இதற்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. ஆனால் அடிக்கடி வரும் சொற்கள் ஒரு டஜன்தான். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் படிந்துவிடும்.

வாய் மாறியபோது எழுத்து ஏன் மாறவில்லை? வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் உறையத் தொடங்கியது. அதே நேரத்தில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த பெரிய மாற்றம் அது. முன்பு நாமெ என்று ஒலித்தது நேம் ஆனது, ஹூஸ் என்பது ஹவுஸ் ஆனது. எழுத்து பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது, ஒலி குடிபெயர்ந்துவிட்டது.

இதில் ஒரு சிறு கூட்டம் மட்டும் வேறு. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில், ஆங்கில எழுத்து வரிசையில் ஏ-க்கு அடுத்து வரும் பி-யே கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று கற்றவர்கள் பின்னாளில் அதைச் செருகினார்கள். டவுட் என்ற சொல்லிலும் அப்படியே. ரசீதைக் குறிக்கும் ரிசீட்டில் பேனாவின் முதலெழுத்தான பி வந்ததும் அதே ஆசையால். ஐலண்ட் என்ற சொல்லில் இருக்கும் எஸ் அதைவிட மோசம், அது தவறான உறவு கற்பித்து ஒட்டப்பட்டது. இந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் ஒருபோதும் ஒலித்ததில்லை, ஆகவே தயக்கமில்லாமல் விழுங்கிவிடுங்கள்.

படி 3: எழுத்து நிற்கும் இடம்

சி-க்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் ஸ, மற்றபடி பெரும்பாலும் க. சிட்டி, கேட். ஜி-க்கும் ஏறத்தாழ இதே விதிதான், ஆனால் கெட், கிவ், கேர்ள் போன்ற பழைய வீட்டுச் சொற்கள் கட்டுப்படாது.

கடைசியில் ஊமையாக நிற்கும் இ, முன்னால் இருக்கும் உயிரின் ஒலியை மாற்றும். மேட் என்ற பாய்க்கு இ சேர்த்தால் மெய்ட் போல நீளும் கூட்டாளி. கிட், கைட். ஹாப், ஹோப். அப்படியானால் ஹேவ், கிவ், லவ் ஆகியவற்றில் ஏன் அந்த இ வேலை செய்யவில்லை? அந்தக் காலத்தில் யு, வி இரண்டும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள். சொல்லின் கடைசியில் வி தனியாக நின்றால் அதை யு என்று படித்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு இ-யைக் காவலுக்கு நிறுத்தினார்கள். இன்றும் பழைய ஆங்கிலச் சொல் எதுவும் வெறும் வி-யில் முடிவதில்லை.

படி 4: எந்த அசையில் எடை விழுகிறது?

ஸ்பெல்லிங் தவறினால் எழுத்தில் ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவுதான். எடை, அதாவது ஓர் அசைக்குக் கொடுக்கும் அழுத்தம், தவறான அசையில் விழுந்தால் எதிரில் இருப்பவருக்குப் பேசுவதே புரியாமல் போகலாம். நம் பாடப்புத்தகங்களும் வகுப்புகளும் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் சொல்கிறோம். எடையை எங்கே போட்டாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ஒரு அசை மட்டும் உரத்து நிற்கும், மற்றவை சுருங்கி அதன் நிழலில் ஒதுங்கும். சுருங்கும்போது உயிரொலியும் மங்கிவிடும். அ-வும் இல்லை, இ-யும் இல்லை, வாயைத் திறக்கச் சோம்பல்பட்டுச் சொல்வதுபோல ஒரு ஒலி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று தனி எழுத்தே இல்லை. ஏ, இ, ஐ, ஓ, யு எதுவும் அந்த ஒலியாக மங்கலாம்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. நாடு, பாக்கு என்பவற்றின் கடைசி உகரம் குறுகி ஒலிப்பதை நம் இலக்கணம் குற்றியலுகரம் என்று பெயரிட்டு, மாத்திரை அரை என்று அளந்தும் வைத்திருக்கிறது. அந்தக் குறுகலைச் சொல்லின் எந்த அசையிலும் செய்யக் கற்றுக்கொள்வதுதான் வேலை.

நம்முடைய சொல்லிலேயே கேட்டுப் பாருங்கள். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரேன் ஆனது. வழக்கமாகக் கடைசி அசையில் முழு எடை, நடுவில் இருக்கும் இரண்டு உயிர்களும் மங்கல். நாம் ஓட்டல் என்று முதல் அசையை ஊன்றிச் சொல்வதை ஆங்கிலத்தில் பின் அசையை ஊன்றி ஹோ-டெல் என்கிறார்கள். டெவலப்மென்ட்டில் எடை இரண்டாவது அசையில்: டி-வெ-லப்-மன்ட். வெஜிடபிள் என்று நான்கு அசையாகச் சொல்லத் தேவையில்லை, வெஜ்-ட-பிள் என்று மூன்றே போதும். கம்ஃபர்டபிள் என்பது கம்ஃப்-ட-பிள்.

சில சொற்களில் எடை மாறினால் பெயர்ச்சொல் வினைச்சொல் ஆகிவிடும். ரெக்கார்ட் முதல் அசையில் எடை பெற்றால் பதிவேடு, இரண்டாம் அசையில் பெற்றால் பதிவு செய். பர்மிட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், ஆப்ஜெக்ட், பிரசன்ட் எல்லாம் இதே குடும்பம்.

பயிற்சிக்கு ஒரு விதி போதும், அதிலேயே நூற்றுக்கணக்கான சொற்கள் சரியாகிவிடும். ஷன், இக், இட்டி என்று முடியும் சொற்களில் எடை அந்த முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கும் அசையில் விழும். எஜுகேஷன் என்றால் கே, இன்ஃபர்மேஷன் என்றால் மே, எகனாமிக் என்றால் நா, எலக்ட்ரிசிட்டி என்றால் ட்ரி. பாலிடிக்ஸ் போன்ற சில மட்டும் விலகும். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், எடை விழும் அசையில் ஓங்கித் தட்டுங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், பெரியவர்கள் முதலில் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. நல்ல அகராதியில் உச்சரிப்புக் குறிப்புக்குள், எடை விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அர்த்தம் பார்க்கும்போதே அந்தக் கோட்டையும் பாருங்கள்.

வாய்ப்பழக்கத்தில் இன்னும் இரண்டு. இகரத்திலோ எகரத்திலோ தொடங்கும் சொல்லுக்கு முன் நாம் தெரியாமலே ஒரு யகரத்தைச் சேர்க்கிறோம், ஒகரத்துக்கு முன் வகரத்தை. எம்.ஏ. யெம்மே ஆகிறது, ஓன்லி வோன்லி ஆகிறது. தமிழில் இது இயல்பு. ஆங்கிலத்தில் காதைக் குறிக்கும் இயர், ஆண்டைக் குறிக்கும் யியர் போன்ற ஜோடிகள் இதனால் கலந்துவிடும். அதேபோல நமக்கு வகரம் ஒன்றுதான். டபிள்யூ வரும்போது உதட்டைக் குவியுங்கள், வி வரும்போது மேல்பல்லைக் கீழுதட்டில் வையுங்கள்.

படி 5: இறந்தகால இ-டி

வாக்ட், ப்ளேய்ட், வான்டிட். எழுத்தில் மூன்றும் இ-டி, ஒலியில் மூன்று விதம். க, ப, ஸ போன்ற அதிராத ஒலிக்குப் பின்னால் வல்லின ட். அதிரும் ஒலிக்குப் பின்னால் மெலிந்த ட். டகர ஒலிகளுக்குப் பின்னால் மட்டும் இட் என்று ஒரு அசை கூடும். ஆஸ்க்கெட், வாஷ்ஷெட் என்று எல்லாவற்றிலும் ஒரு அசை கூட்டுவதுதான் நம் பக்கம் அதிகம் கேட்கும் தவறு.

விதி நமக்குப் பழக்கமானதுதான். செய்தான் என்பதில் தகரமாக இருப்பது உண்டான் என்பதில் டகரம், தின்றான் என்பதில் றகரம். முன்னால் வரும் ஒலிக்குத் தக்கபடி இறந்தகால எழுத்து மாறுகிறது.

படி 6: அடங்காத வினைகள்

சொல், செல், கொல். ஒரே எதுகை. சொன்னான், சென்றான், கொன்றான் என்று வரும்போது முதலாவது மட்டும் தனி வழியில் போகிறது. வா என்பது வந்தான், வருவான் ஆகிறது; சா என்பது செத்தான், சாவான். எந்த மொழியிலும் தினமும் புழங்கும் சொற்கள்தான் இப்படி வளைந்து கிடக்கும். குழந்தைப் பருவத்திலேயே ஆயிரம் முறை காதில் விழுவதால் பழைய வடிவம் அழியாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் மிக அதிகம் பயன்படும் பத்து வினைச்சொற்களும் விதிக்கு அடங்காதவைதான்: பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட். புதிதாகப் பிறக்கும் வினை எல்லாம் இ-டி-யோடு ஒழுங்காக வரும்.

அகரவரிசைப் பட்டியலை வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். மெட்டுப்படி கூட்டம் பிரியுங்கள். சிங்-சேங்-சங், ரிங், டிரிங்க், பிகின், ஸ்விம் ஒரு மெட்டு. கீப்-கெப்ட், ஸ்லீப், ஃபீல், மீட் இன்னொரு மெட்டு, நெடில் குறிலாகும். புட், கட், ஹிட், ஷட் மாறவே மாறாது. கோ-வென்ட் உண்மையிலேயே இரண்டு வேறு வினைகள். மெலிந்த ட் ஒலியில் முடியும் வென்ட் என்ற பழைய வினையின் இறந்தகாலத்தை கோ தன்னுடையதாக்கிக்கொண்டது.

ஃபுட்-ஃபீட், டூத்-டீத், மவுஸ்-மைஸ் ஆகிய பன்மைகளும் இப்படிப் பழைய தடங்கள். முன்பு அவற்றின் பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்தது, அது முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு அந்த விகுதி தேய்ந்துபோய், இழுக்கப்பட்ட உயிர் மட்டும் மிஞ்சியது.

படி 7: எ, ஆன், த

ஓர் ஊர், ஒரு வீடு. உயிரொலிக்கு முன் ஓர். ஆங்கிலத்தின் ஆன் அப்படியே இதுதான், அதுவும் ஒன்று என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்ததுதான். முக்கியம், எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். ஒரு யானை என்கிறோம், ஓர் யானை என்பதில்லை. அதேபோல யகர ஒலியில் தொடங்குவதால் எ யூனிவர்சிட்டி. மணிநேரத்தைக் குறிக்கும் அவர் என்ற ஆங்கிலச் சொல்லில் எச் ஒலிக்காததால் ஆன் அவர். எம்.எல்.ஏ. என்று சொல்லும்போது முதலில் வருவது எகரம், ஆகவே ஆன் எம்.எல்.ஏ.

த எங்கே போடுவது? கதை சொல்லும்போது கவனியுங்கள். "ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று மகன்கள்." ஒரு வந்த இடத்தில் எ, அந்த வந்த இடத்தில் த. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல ஏணி எனக்குத் தெரியவில்லை.

படி 8: ஒட்டிக்கொண்டு பொருள் மாற்றும் சிறு சொற்கள்

கிவ் அப், புட் ஆஃப், லுக் ஆஃப்டர். தனித்தனியாக அர்த்தம் தெரிந்தும் சேர்த்தால் புரிவதில்லை. நம் வினைகளை யோசித்துப் பாருங்கள். "செய்து பார்" என்றால் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை, முயற்சி செய்கிறோம். "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பதில் வரும் கொள்ளுக்கு வாங்குதல் என்ற பொருள் இல்லை. ஆங்கிலத்தின் லுக் ஆஃப்டர் இதே பார்த்துக்கொள்தான், இரண்டு மொழியும் பார்வையிலிருந்தே கவனிப்புக்குப் போயிருக்கின்றன. இவற்றை ஒரே சொல்லாகவே கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியம் எழுதுங்கள். "பாட்டி என் தம்பியைப் பார்த்துக்கொள்கிறார்" என்பதை ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதினால் லுக் ஆஃப்டர் மறக்காது.

முதல் வாரம்

ஒரு நோட்டை எடுத்து நான்கு பத்தி கோடு போடுங்கள்: சொல், பிறந்த இடம், எடை விழும் அசை, வாயில்லா எழுத்து. தினமும் மூன்று சொல் போதும், பதினைந்து நிமிடம் ஆகும். அகராதியின் ஒலிக்குறியை அழுத்திக் கேட்டுவிட்டு அப்புறம்தான் எழுதுங்கள், எழுத்தை முதலில் பார்த்தால் கண் காதை ஏமாற்றிவிடும். தொடங்குவதற்குச் சில: ரிசீட், கர்னல், வென்ஸ்டே, பிளம்பர், ஸ்டமக், மெஷின், ஹோட்டல், டெவலப்மென்ட், எலக்ட்ரிசிட்டி. பிளம்பரில் வாயில்லா எழுத்து எதுவென்று கண்டுபிடித்ததும், அதே எழுத்து தம், லேம், கோம் ஆகியவற்றின் கடைசியிலும் எம்முக்குப் பின்னால் மௌனமாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த மூன்றையும் அதே வரியில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.